அம்மா பேர்ல கல்யாணப் பத்திரிகை அடிக்கலாமா? கூடவே ஒரு லெட்டரும் எழுதணும், வாசகம் சொல்லுங்க

மூத்தவ_அருப்புக்கோட்டை:
எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சிக்கு வர்ற ஆவணில கல்யாணம் வச்சிருக்கோம். அப்பா இறந்து மூணு வருஷம் ஆச்சு, வீட்ல ஆம்பளப் பிள்ளை கிடையாது, அதனால பத்திரிகை எழுதுறதுல இருந்து மண்டபம் பேசுறது வரைக்கும் நான்தான் அலையுறேன். அலையுறது பிரச்சனை இல்ல. பத்திரிகைல யார் பேர்ல அழைக்கிறதுங்கிறதுலதான் வந்து நிக்குது.

பெரியப்பா சொல்றாரு, "என் பேர்ல அடி, கீழ உங்க அப்பன் பேரைப் போட்டுக்கலாம், உங்க அம்மா பேரு எதுக்கு, நல்ல காரியத்துல அது வழக்கம் இல்ல"ன்னு. கெட்ட மனசுல சொல்லல, அவருக்குத் தெரிஞ்ச வழக்கம் அதுதான். அம்மா ஒண்ணுமே சொல்லல, "அவங்க சொல்றபடி அடிச்சிரு தாயி"ன்னுட்டு அடுப்படிக்குள்ள போயிட்டாங்க. ஆனா அப்பா படுத்த படுக்கையா கிடந்த ரெண்டு வருஷமும் தையல் மிஷின்ல உக்காந்து எங்க ரெண்டு பேரையும் படிக்க வச்சு, நகை சேத்து, இந்த மாப்பிள்ளை வீட்டோட பேசி முடிச்சது வரைக்கும் அம்மாதான். அவங்க பேரு அழைக்கிற இடத்துல இல்லைன்னா அந்தக் காகிதத்தை நான் எப்படி ஊர் பூரா குடுப்பேன்?

ரெண்டாவது விஷயம். தூத்துக்குடில அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர் இருக்காரு. அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆம்பள யாரும் இல்ல, எங்க ரெண்டு பேருக்கும் காது குத்துறப்ப தாய்மாமன் மடின்னு அவர் மடியிலதான் உக்கார வச்சாங்க. எட்டு வருஷம் முன்னாடி ஒரு சீட்டுப் பணத்துல அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு முறிஞ்சு போச்சு. அப்பா இறந்தப்ப அவருக்கு யாரும் தகவல் சொல்லாம விட்டுட்டோம். இப்ப அம்மா பத்திரிகையோட அவருக்குக் கைப்பட லெட்டர் எழுதணும்னு நினைக்கிறாங்க. நாலு நாளா எழுதுறாங்க, கிழிக்கிறாங்க. "எட்டு வருஷம் கழிச்சு நலம் நலமறிய ஆவல்னு எப்படிடி ஆரம்பிக்கிறது"ன்னு கேக்குறாங்க. எனக்கும் பதில் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சிவகாசி_டிடிபி:
அக்கா, நான் 19 வருஷமா கல்யாணக் கார்டு கம்போஸ் பண்றவன், இந்தக் கேள்வியோட வாரத்துக்கு ஒருத்தராவது என் டேபிளுக்கு முன்னாடி வந்து உக்காருவாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, பத்திரிகைல பேருக்கு மூணு இடம் இருக்கு. மேல சாமி படத்துக்குக் கீழ வர்றது ஆசி குடுக்குற பெரியவங்க இடம், தாத்தா பாட்டி, குடும்பத்துல மூத்தவங்க. நடுவுல வாசகத்துக்குள்ள வர்றது பெத்தவங்க இடம், "இன்னாருடைய மகள்"னு. கடைசில "தங்கள் நல்வரவை நாடும்"ங்கிறதுக்குக் கீழ வர்றதுதான் அழைக்கிறவங்க இடம். சண்டை வர்ற வீட்ல எல்லாம் இந்த மூணையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்குவாங்க. உங்க பெரியப்பாவுக்கு மேல முதல் இடத்தைக் குடுங்க, "பெரியப்பா திரு. இன்னார் அவர்களின் நல்லாசியுடன்"னு கொஞ்சம் பெரிய எழுத்துலயே போடுவோம். அழைக்கிற இடம் அம்மாவோடது. அதுல அவருக்கு ஒரு குறையும் இல்ல.

அப்பா பேருக்கு முன்னாடி "லேட்"னு போடாதீங்க, நல்லாவே இருக்காது. நம்ம பக்கம் "தெய்வத்திரு"ன்னு போடுறோம். சிலர் நல்ல காரியத்துல அதுவும் வேண்டாம்னு வெறும் பேரை மட்டும் போடுவாங்க, ஆனா அப்படிப் போட்டா தூரத்து ஆளுங்க அப்பா இருக்காருன்னு நினைச்சு மண்டபத்துல வந்து அம்மாகிட்டயே "அவரு எங்க"ன்னு கேட்டுருவாங்க. அந்தச் சங்கடத்தை நான் நேர்ல பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, இதை யாரும் கவனிக்கிறதில்ல. ஒருத்தர் அழைச்சா கடைசி வினை "வேண்டுகிறேன்"தான். கம்ப்யூட்டர்ல பழைய மேட்டர் ஒண்ணு கிடக்கும், அதுல பேரை மட்டும் மாத்திட்டு "வேண்டுகிறோம்"னு விட்டுருவாங்க. அம்மா ஒருத்தர் பேருதான் கீழ இருக்குன்னா "எனது இளைய மகள்", "வேண்டுகிறேன்"னு ஒரே மாதிரி வரட்டும். படிக்கிறவனுக்கு அவங்க வாய்ல கூப்பிடுற மாதிரி இருக்கும்.

மூத்தவ_அருப்புக்கோட்டை:
தம்பி, இதைப் படிச்சுட்டு அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். மிஷினை நிறுத்திட்டுக் கேட்டாங்க. ஒண்ணும் சொல்லல, ஆனா அடுப்படிக்குப் போகல.

தங்கச்சிக்குத் திருவளர்செல்வி போடணுமா திருநிறைசெல்வி போடணுமா? மாப்பிள்ளைக்கு அடுத்து ஒரு தம்பி இருக்கான்.

சிவகாசி_டிடிபி:
உங்க தங்கச்சிக்கு அடுத்து கல்யாணத்துக்கு யாரும் இல்லைல்ல, அப்ப திருநிறைசெல்வி. மாப்பிள்ளைக்குப் பின்னாடி தம்பி இருக்கான்னா திருவளர்செல்வன். அந்த வீட்ல இன்னும் சுபகாரியம் வளர இருக்குன்னு அர்த்தம், நிறைன்னா கடைசிக் கல்யாணம், நிறைவா முடியுதுன்னு அர்த்தம். ரெண்டுலயும் நடுவுல "ச்" வராது, தயவுசெஞ்சு புரூஃப்ல பாருங்க. "திருநிறைச்செல்வி"ன்னு அடிச்ச கார்டு ஊர்ல பாதி.

தமிழய்யா_மகள்:
டிடிபி தம்பி சொல்றது வழக்கத்துல சரி. வார்த்தையாப் பாத்தா ரெண்டுமே வாழ்த்துதான், எதைப் போட்டாலும் இலக்கணக் குத்தம் கிடையாது. ஆனா நாலு பேரு அதை வச்சு "இன்னும் ஒரு பொண்ணு இருக்கா வீட்ல"ன்னு புரிஞ்சுக்குறப்ப வழக்கத்தை ஒட்டியே போறது நல்லது.

நான் அரசுப் பள்ளில தமிழ் எடுக்குறேன், அதனால எழுத்துப்பிழை கண்ணை உறுத்தும். பத்திரிக்கை இல்ல, பத்திரிகை. முகூர்த்தம்னு எழுதுறப்ப ர்-க்கு அப்புறம் த் விடாம வரணும். "திருமணப் பத்திரிகை"ல ப் வரும், "திருமண அழைப்பிதழ்"ல ஒண்ணும் வராது, அழைப்பிதழுக்கு ழ, அதை ள்ளுன்னு போட்டு ஒரு மந்திரி வந்த விழா மேடையிலேயே பேனர் பாத்திருக்கேன்.

வாசகம் ஒரே வாக்கியமா 12 வரி ஓடுறதுதான் நம்ம பத்திரிகையோட அழகும் ஆபத்தும். நடுவுல எழுவாய் தொலைஞ்சு போகும். நான் எழுதிப் பாத்தேன், அம்மாவுக்கு ஒத்துவருதான்னு பாருங்க:

"அன்புடையீர், வணக்கம். நிகழும் மங்களகரமான பராபவ வருடம் ஆவணி மாதம் (இத்தனாம்) நாள் (இந்தக்) கிழமை காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள், எனது கணவர் தெய்வத்திரு. (பெயர்) அவர்களுக்கும் எனக்கும் பிறந்த இளைய மகள் திருநிறைசெல்வி (பெயர்) அவர்களை, (ஊர்) திரு. (பெயர்), திருமதி. (பெயர்) இவர்களின் மூத்த குமாரர் திருவளர்செல்வன் (பெயர்) அவர்களுக்கு மணம் செய்து கொடுக்கப் பெரியோர்கள் நிச்சயித்துள்ளார்கள். அது சமயம் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறேன். தங்கள் நல்வரவை நாடும், திருமதி. (அம்மா பெயர்)."

நடுவுல ஒரு இடத்துல முற்றுப்புள்ளி வச்சுட்டேன் பாருங்க. பழைய ஆளுங்க அதைக்கூட ஒத்துக்க மாட்டாங்க, ஆனா வாசிக்க மூச்சு நிக்கும். "அது சமயம்"ங்கிறதை வேணும்னே விட்டு வச்சேன், அது இல்லைன்னா எனக்குப் பத்திரிகை படிச்ச மாதிரியே இருக்காது.

கோவில்பட்டி_பெரியவர்:
தாயி, நான் எதிர்த்துச் சொல்றேன்னு வருத்தப்படாத. எனக்கு 71 வயசு. உங்க அம்மா பேரைப் போடுறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா உங்க பெரியப்பாகிட்ட டைப் அடிச்ச தாளைக் கொண்டுபோய் நீட்டாதீங்க. அம்மாவும் நீயும் வெத்தலை பாக்கோட அவர் வீட்டுக்குப் போங்க, "நீங்க இருந்து நடத்திக் குடுக்கணும், அழைக்கிறது மட்டும் நான் அழைச்சுக்குறேன்"னு உங்க அம்மா வாயால சொல்லட்டும். பத்திரிகைல பேரு எங்க வருதுங்கிறதை விட தனக்குத் தெரியாம முடிவாச்சுங்கிறதுதான் மனுசனுக்கு வலிக்கும். எங்க வீட்ல 1994ல ஒரு பேரு ஒரு வரி கீழ போனதுக்கு என் சித்தப்பா கல்யாணத்துக்கே வரல, அப்புறம் அவர் காரியத்துலதான் முகம் பாத்தேன்.

ஈரோட்டு_பேத்தி:
எங்க வீட்ல பாட்டி பெட்டிக்குள்ள ஒரு பத்திரிகை இருக்கு, என் பெரிய அத்தையோட கல்யாணம், 1971. சுயமரியாதைக் கல்யாணம். மேல சாமி படம் இல்ல, ராகுகாலம் எமகண்டம் பாத்து எழுதின நேரம் இல்ல, "வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா"ன்னு தலைப்பு, அப்புறம் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரைன்னு கூட்ட நோட்டீஸ் மாதிரி வரிசையா பேரு. அந்த மாதிரி கல்யாணத்துக்கு 1967லதான் அண்ணா ஆட்சில சட்டம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி பண்ணதெல்லாம் கோர்ட்டுல நிக்காதுன்னு பயம் இருந்துச்சாம், தாத்தா அந்தச் சட்டத்தைப் பத்திப் பெருமையாப் பேசுவாராம். நான் சொல்ல வந்தது அது இல்ல. அந்தப் பத்திரிகைல அழைக்கிறது யாருன்னா என் கொள்ளுப்பாட்டி, அவங்க 30 வயசுலயே கணவரை இழந்தவங்க. அவங்க பேரு மட்டும் தனியா கீழ வலப்பக்கம் இருக்கு. 1971ல முடிஞ்சது உங்களுக்கு முடியாதா அக்கா? அந்தப் பேரைத் தொட்டுப் பாத்துருக்கேன், லெட்டர் பிரஸ்ல அடிச்சது, எழுத்து காகிதத்துல லேசா பள்ளம் விழுந்து இருக்கும்.

காயல்_ஓரம்:
அஸ்ஸலாமு அலைக்கும். எங்க ஊர்ப் பத்திரிகை வேற மாதிரின்னாலும் விஷயம் ஒண்ணுதான். நாங்க "இன்ஷா அல்லாஹ்"ன்னு போட்டுத்தான் தேதியே ஆரம்பிப்போம், ஹிஜ்ரி தேதியும் வரும், மணமகன் தீன்குலச்செல்வன், மணமகள் தீன்குலச்செல்வி. இறந்தவங்க பேருக்கு முன்னாடி மர்ஹூம்னு போடுறது சாதாரணம், யாரும் அதை அபசகுனமா எடுக்க மாட்டாங்க. என் வாப்பா மௌத்தான பிறகு என் நிக்காஹ் பத்திரிகை உம்மா பேர்லதான் வந்துச்சு, "மர்ஹூம் இன்னாரின் மனைவி"ன்னு போட்டு. உம்மா அதை ஃபிரேம் போட்டு வச்சிருக்காங்க.

பாளையங்கோட்டை_ரூத்:
எங்க பக்கத்துல மேல ஒரு வசனம், அப்புறம் "கர்த்தருக்குள் அன்பானவர்களே", "கர்த்தருக்குச் சித்தமானால்"னு ஆரம்பிச்சு "பரிசுத்த விவாகம்"னு வரும். அக்காவோட கேள்விக்கு என்கிட்ட ஒரு நடைமுறைச் செய்தி இருக்கு. கல்யாணத்தைப் பதிவு பண்ணப் போறப்ப பத்திரிகையையும் கேப்பாங்க. தமிழ்நாட்ல எல்லா மதத்துக்கும் 2009 சட்டப்படி பதிவு கட்டாயம், 90 நாளைக்குள்ள போயிடுங்க. அதனால மணமக்கள் பேரும் இனிஷியலும் ஆதார்ல இருக்குற மாதிரியே பத்திரிகைல வரட்டும். எங்க அக்காவுக்கு வீட்ல கூப்பிடுற பேரைப் போட்டு அடிச்சுட்டு அப்புறம் ஆபீஸுக்கு மூணு தடவை நடந்தாங்க.

பருத்தித்துறை_தம்பி:
அக்கா, நான் இப்ப கனடாவில இருக்கிறன். எங்கட பக்கம் காலஞ்சென்றவர் அல்லது அமரர் எண்டு போடுவினம். அம்மாவின்ர பேர் கட்டாயம் வரும், அதில பிரச்சினை இல்லை. நான் கடிதத்தைப் பற்றித்தான் எழுத வந்தன்.

சண்டை நேரம் அம்மா யாழ்ப்பாணத்தில, அண்ணா கொழும்பில, நான் இஞ்ச. ஒரு கடிதம் போய்ச் சேர மாதக்கணக்கில ஆகும், சிலது சேரவே சேராது. அம்மா எப்பவும் "நாங்கள் இங்கு நலம், உங்கள் நலமறிய ஆவல்" எண்டுதான் துவங்குவா. அடுத்த வரியில வீட்டுக் கூரையில ஷெல் விழுந்தது எண்டு இருக்கும். நான் ஒருக்கா கோபத்தில, கூரை போன பிறகு என்னம்மா நலம் எண்டு எழுதினன். அவ திருப்பி எழுதினா, "நலம் எண்டு எழுதினால்தான் மிச்சத்தை நீ பயப்பிடாமல் வாசிப்பாய் ராசா" எண்டு. உங்கட அம்மாட்ட சொல்லுங்கோ, எட்டு வருசம் கழிச்சும் அப்பிடியே துவங்கலாம். நீங்கள் எப்பிடி இருக்கிறியள் எண்டு கேக்கிறதுக்கு ஒருத்தருக்கும் கணக்கு இல்லை.

மூத்தவ_அருப்புக்கோட்டை:
அண்ணா, இதை வாசிச்சுக் காட்டினப்ப அம்மா அழுதுட்டாங்க. ராத்திரி விளக்கை அணைக்காம உக்காந்து எழுதினாங்க. என் தங்கச்சிதான் பக்கத்துல இருந்தா, அம்மா கை நடுங்குறதால கோடு போட்ட தாள் எடுத்துக் குடுத்திருக்கா. அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் கீழ போடுறேன், சரியா இருக்கான்னு சொல்லுங்க.

"உ. அருப்புக்கோட்டை. அன்புள்ள அண்ணனுக்கு, தங்கச்சி எழுதிக்கொண்டது. நாங்கள் இங்கு நலம். அண்ணன், மதினி, பிள்ளைகள் நலமறிய ஆவல். அவர் தவறிய செய்தியை உங்களுக்கு நாங்கள் சொல்லவில்லை. அது எங்கள் தப்பு அண்ணன். அன்றைக்கு யாருக்குச் சொன்னோம், யாரை விட்டோம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும்போது உங்கள் பேரைச் சொல்லி, அவன் வந்தானா என்று இரண்டு தடவை கேட்டார். இப்பவும் எழுதுவது, சின்னவளுக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகை இத்துடன் இருக்கிறது. உங்கள் மடியில் உட்கார வைத்துக் காது குத்தின பிள்ளை. அன்றைக்கு அழாமல் உங்கள் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அவளுக்குத் தாய்மாமன் என்று சொல்ல வேறு யாரும் இல்லை. நீங்களும் மதினியும் முதல் நாளே வந்துவிட வேண்டும். சீட்டுப் பணம் விஷயம்"

இதோட நிக்குது. "சீட்டுப் பணம் விஷயம்"னு எழுதிட்டு அப்புறம் என்ன எழுதுறதுன்னு தெரியாம வச்சுட்டாங்க. அந்தப் பணத்தை எழுதணுமா விட்டுடணுமா?

தமிழய்யா_மகள்:
விட்டுடச் சொல்லுங்க. நான் பிள்ளைங்களுக்கு உறவுமுறைக் கடிதமும் அலுவலகக் கடிதமும் சொல்லிக்குடுக்குறப்ப, அலுவலகக் கடிதத்துல "பொருள்"னு ஒரு வரி இருக்கும், உறவுமுறைக் கடிதத்துல அது கிடையாதுன்னு சொல்லுவேன். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள்னு வரிசை போட்டா அது காரியத்துக்கு எழுதுறது. "அன்புள்ள"ன்னு ஆரம்பிச்சா ஆளுக்கு எழுதுறது. பணத்தைக் கொண்டுவந்தா லெட்டர் அந்தப் பக்கம் சாஞ்சிடும். கல்யாணத்துக்குக் கூப்பிடுற காகிதத்துல கணக்கு வேண்டாம்.

கோவில்பட்டி_பெரியவர்:
டீச்சர் சொல்றது எழுத்துக்குச் சரி, ஆனா மனுசனுக்கு ஒத்துவராது. எட்டு வருஷமா அந்த ஆளு நெஞ்சுல அந்தப் பணம்தான் கிடக்கும். அதைத் தொடாம எழுதினா "இன்னும் மனசுல வச்சிருக்காக"ன்னுதான் தோணும். கணக்கு எழுத வேண்டாம். "அந்தப் பணம் உங்கள் இருவரோடும் போகட்டும், நான் அதை நினைக்கவில்லை" மாதிரி ஒரே வரி. யாரு யாருக்குத் தரணும்னு சொல்லவே வேண்டாம்.

காயல்_ஓரம்:
பெரியவர் சொல்றதுதான் எனக்கும் படுது, ஆனா "உங்கள் இருவரோடும் போகட்டும்"கிறதுல ஒருத்தர் இறந்துட்டாரு, கொஞ்சம் கடுமையா கேக்குது. வேற மாதிரி மாத்தலாம்.

மூத்தவ_அருப்புக்கோட்டை:
அம்மாவே ஒரு வரி சொன்னாங்க, அதையே எழுதிட்டாங்க: "சீட்டுப் பணம் விஷயம் அவரோடு முடிந்தது அண்ணன், எனக்கு அண்ணன் வேண்டும்." அதுக்குக் கீழ "மற்றவை நேரில். இப்படிக்கு, அன்புத் தங்கச்சி"ன்னு போட்டு முடிச்சுட்டாங்க.

தமிழய்யா_மகள்:
நான் சொன்னது தப்பு. இந்த வரி இருக்கட்டும்.

பழைய_தபால்காரர்:
32 வருஷம் தபால் துறைல இருந்தவன். இதுல ரெண்டு விஷயம் நான்தான் சொல்லணும்.

ஒண்ணு, பத்திரிகைக்குள்ள லெட்டர் வைக்கிறது. அந்தக் காலத்துல கல்யாணப் பத்திரிகை எல்லாம் புக் போஸ்ட்டுல போகும், கவரை ஒட்டக்கூடாது, மடிப்பை உள்ள சொருகி விடணும், ஸ்டாம்பு குறைச்சல். ஆனா உள்ள அச்சடிச்சது மட்டும்தான் இருக்கணும், கைப்பட எழுதின லெட்டர் இருந்தா புக் போஸ்ட் செல்லாது. பிரிச்சுப் பாத்து, உள்ள லெட்டர் இருந்தா நாங்களே டியூ போடுவோம். ஸ்டாம்பு குறைஞ்சா எவ்வளவு குறையுதோ அதுல ரெண்டு மடங்கு வாங்குறவங்ககிட்ட வசூல் பண்ணணும். எட்டு வருஷம் கழிச்சு வர்ற லெட்டருக்கு அந்த மனுசன் வாசல்ல நின்னு தண்டம் கட்டக்கூடாதும்மா. சாதாரணத் தபாலுக்கு 20 கிராம் வரைக்கும் 5 ரூபா, கல்யாணக் கார்டு கனமா இருக்கும், கண்டிப்பா அதைத் தாண்டும். போஸ்டாபீஸ் கவுண்டர்ல எடை போட்டு ஸ்டாம்பு ஒட்டுங்க. பத்திரமாப் போகணும்னா ஸ்பீட் போஸ்ட், ரெஜிஸ்டர் தபாலையும் 2025 செப்டம்பர்ல அதோடயே சேத்துட்டாங்க.

ரெண்டு, கவர்ல நாலு மூலைலயும் மஞ்சள் தடவுங்க. தபால்காரன் கையில அது வந்தா என்ன சேதின்னு பாக்காமலே தெரியும். ஓரத்துல கருப்புக் கோடு போட்ட கார்டு வந்தா வாசல்ல நின்னே குடுத்துட்டுப் போவோம், வீட்டுக்குள்ள அதை வச்சுக்க மாட்டாங்க, படிச்சதும் கிழிச்சுருவாங்க. மஞ்சள் தடவின கவர் வந்தா உள்ள கூப்பிட்டு மோர் குடுப்பாங்க. 2013 ஜூலைல தந்தியை மூடுறதுக்கு முன்னாடி வரைக்கும் வாழ்த்துத் தந்திகூட நிறைய போகும், வாசகத்துக்கு நம்பர் உண்டு, நம்பரைச் சொன்னா போதும், அதுக்குரிய வாழ்த்து அங்க போய் இறங்கும். மண்டபத்துல மைக்குல வாசிப்பாங்க.

சிவகாசி_டிடிபி:
அக்கா ஒரு கேள்வி. பத்திரிகைல தாய்மாமன் இடத்துல அவர் பேரைப் போடப் போறீங்களா?

மூத்தவ_அருப்புக்கோட்டை:
போடணும்னுதான் ஆசை தம்பி. அம்மாவுக்கும் அதே. ஆனா அவர்கிட்ட கேக்காம எப்படி.

சிவகாசி_டிடிபி:
கேக்காமப் போடாதீங்க. பேச்சு இல்லாத ஆளு பேரைப் போட்டு அடிச்சு, அவர் வரலைன்னா மேடைல அந்தப் பேரு அனாதையா நிக்கும், அவருக்கும் அது கட்டாயப்படுத்துற மாதிரி ஆகிடும். மேட்டரை ரெடி பண்ணி வச்சுக்குவோம், அந்த ஒரு வரியை மட்டும் காலியா விட்டுர்றேன். லெட்டரை இப்பவே போடுங்க, பத்திரிகை அப்புறம் நேர்ல போய் வைக்கலாம். 10 நாள் பொறுக்கலாம், அதுக்கு மேல போனா ஆவணி முகூர்த்தக் கூட்டம் வந்துரும், மிஷின் கிடைக்காது.

அப்புறம், வாட்ஸ்அப்ல மேட்டர் அனுப்புறவங்களுக்குச் சொல்றேன், நாங்க நிறைய பேரு இன்னும் பழைய எழுத்துருலதான் வேலை பாக்குறோம். நீங்க போன்ல அடிச்சு அனுப்புறது யூனிகோட், அதை மாத்துறப்ப கொம்பும் காலும் இடம் மாறும், "கொ" "கெ"ன்னு ஆகும், "போ" "பே"ன்னு நிக்கும். அதனால பேப்பர்ல தெளிவா எழுதி ஒரு போட்டோவும் சேத்து அனுப்புங்க. புரூஃப் வந்தா ஒருத்தர் வாசிக்க இன்னொருத்தர் பேப்பரைப் பாத்து டிக் பண்ணணும். தேதியையும் கிழமையையும் காலண்டரை வச்சுச் சரிபாருங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்ல முகூர்த்தம் விடியக்காலை 4.30க்கு. விடிஞ்சாதான் அடுத்த நாள்ங்கிறது பஞ்சாங்கக் கணக்கு, ராத்திரி 12க்கே தேதி மாறும்ங்கிறது காலண்டர் கணக்கு. ரெண்டும் கலந்து அச்சாயிடுச்சு, பாதிப் பேரு மறுநாள் வந்து பூட்டின மண்டபத்தைப் பாத்துட்டுப் போனாங்க. அந்த மாதிரி நேரம் வந்தா "வியாழன் இரவு விடிந்தால் வெள்ளி அதிகாலை"ன்னு நீட்டி எழுதிடுவேன் இப்பல்லாம்.

மூத்தவ_அருப்புக்கோட்டை:
நேத்து அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். கோவில்பட்டி ஐயா சொன்ன மாதிரி வெத்தலை பாக்கு, ஒரு சீப்புப் பழம். அம்மா நின்னுக்கிட்டே சொன்னாங்க, "நீங்க முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும், கூப்பிடுறது மட்டும் நான் கூப்பிட்டுக்குறேன்"னு. பெரியப்பா ரொம்ப நேரம் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் "உம் பேருக்கு முன்னாடி திருமதி போடுவாங்களா"ன்னு கேட்டாரு. போடுவாங்க பெரியப்பான்னேன். "சரி, நல்லாப் பெருசாப் போடச் சொல்லு"ன்னாரு. பெரியம்மா உள்ள இருந்து வந்து அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

பத்திரிகை இன்னும் அடிக்காததால "பத்திரிகை இத்துடன் இருக்கிறது"ங்கிற வரியை மட்டும் எடுத்துட்டு, லெட்டரை ஸ்பீட் போஸ்ட்டுல போட்டாச்சு. நாலு மூலைலயும் மஞ்சள் தடவி அம்மாவே கவுண்டர் வரைக்கும் வந்தாங்க.

ஈரோட்டு_பேத்தி:
அக்கா, பதில் வந்ததும் மறக்காம எழுதுங்க, தினமும் வந்து பாக்குறேன்.

பருத்தித்துறை_தம்பி:
நானும் பாத்துக்கொண்டு இருக்கிறன்.

மூத்தவ_அருப்புக்கோட்டை:
எட்டு நாளாச்சு. ஒண்ணும் வரல. டிராக்கிங்ல மூணாவது நாளே குடுத்தாச்சுன்னு காட்டுது. அம்மா தபால்காரர் வர்ற நேரத்துக்கு மிஷினை நிறுத்திட்டு வாசலைப் பாக்குறாங்க. டிடிபி தம்பி, நாளன்னைக்கு வரைக்கும் பாத்துட்டு அந்த வரி இல்லாமலே அடிச்சுருவோம்.

சிவகாசி_டிடிபி:
அவசரப்படாதீங்க அக்கா. என்னால இன்னும் மூணு நாள் தள்ள முடியும், நான் பாத்துக்குறேன்.

மூத்தவ_அருப்புக்கோட்டை:
இன்னைக்கு வந்துச்சு. இன்லேண்ட் லெட்டர். நீல நிறத்துல அதைப் பாத்தே எத்தனையோ வருஷம் ஆச்சு. ஓரம் ஒட்டுற மடிப்பு வரைக்கும் எழுதியிருக்காரு. மூணு விஷயம்தான் சொல்றேன், மிச்சம் அம்மாவுக்கு எழுதினது.

"அன்புள்ள தங்கச்சிக்கு, அண்ணன் எழுதுவது. நாங்கள் நலம்"னு ஆரம்பிச்சிருக்காரு. அப்பா இறந்த செய்தி ஆறு மாசம் கழிச்சு வேற ஆள் மூலமாத் தெரிஞ்சு, தூத்துக்குடில இருந்து பஸ் ஏறி அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, வீட்டுக்கு வர முகம் இல்லாமத் திரும்பிப் போனேன்னு எழுதியிருக்காரு. கடைசில மடிப்புல இடம் இல்லாம சாச்சு எழுதியிருக்காரு, "பேனா பிடித்த பிள்ளைக்கு மாமன் சீர் நான்தான் வைப்பேன், பெயர் போடுவதாக இருந்தால் இனிஷியல் மு., மறக்க வேண்டாம்"னு.

தம்பி, அந்த வரியைப் போட்டுடுங்க. தாய்மாமன் கீழ, இனிஷியல் மு., ஊர் தூத்துக்குடி.

சிவகாசி_டிடிபி:
போட்டாச்சு அக்கா. புரூஃப் உங்க வாட்ஸ்அப்புக்கு வந்திருக்கும். திருநிறைசெல்வில "ச்" இல்ல, அம்மா பேரு பெரியப்பா கேட்ட மாதிரி 16 பாயிண்ட்ல வச்சிருக்கேன், "வேண்டுகிறேன்"தான். ரெண்டு பேரு உக்காந்து வாசிச்சுட்டு ஓகே சொல்லுங்க, சாயங்காலம் மிஷின்ல ஏத்திடுறேன். 400 கார்டுக்குக் கவர் 420 வைக்கிறேன், எழுதுறப்ப நாலஞ்சு தப்பாகும்.